மலைமாட்டுக்கு மேலே ஒரு சூரியன்

கோமதி, பாண்டி, இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது. கோமதி முதலில் வாசிக்கட்டும். நேற்றுச் சாயங்காலம் அதட்டு வாங்கியது அவள்தானே.

கோமதி, குளிர்ப் பிரதேசத்துப் பிராணி ஒன்றை வரைந்து வரப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று நீ யாக், அதாவது மலைமாடு, வரைந்தாய். நன்றாகத்தான் வரைந்திருந்தாய். கறுப்பு உடம்பு, வளைந்த கொம்பு, வயிற்றுக்குக் கீழே தரையைத் தொடுகிற மயிர். அதோடு விட்டிருந்தால் நானும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். கடைசியாக மஞ்சள் கலரை எடுத்து, மாட்டின் தலைக்கு மேலே தோசைக்கல் அளவுக்கு ஒரு சூரியனைப் போட்டு, சுற்றிலும் கதிர் கதிராக இழுத்தாய். அப்போதுதான் "அழி அதை!" என்று கத்திவிட்டேன். நீ ரப்பரால் தேய்த்தாய். மெழுகுக் கலர் அழியாது. தாள்தான் கிழிந்தது. நீ அழுதாய். எதற்கென்று தெரியாமலே பாண்டியும் சேர்ந்து அழுதான். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு சூரியனுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றாள்.

ஆமாம், ஒரு சூரியனுக்குத்தான். அந்தச் சூரியனை உனக்கு முன்னால் நான் போட்டிருக்கிறேன். எப்படிப் போட்டேன் என்பதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் வாயைவிடக் கைதான் நன்றாக ஓடும்.

அந்த மெழுகுக் கலரின் வாடை இருக்கிறதே, அது ஒரு மாதிரி அச்சாபீஸ் வாடை. ஈரம் காயாத லேபிள் கட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் மையும் வார்னிஷும் கலந்து இப்படித்தான் அடிக்கும். கல்யாணமான புதிதில் நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் கிளார்க். எட்டாவது வரை படித்தவனுக்கு அது பெரிய வேலை. பெட்டியில் ஒட்டுகிற படம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அச்சாபீசுக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருக்கிற ஆர்ட்டிஸ்ட் அதைப் படித்துப் படம் போடுவார். ப்ரூஃப் வந்ததும் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் அலுமினியப் பொடி அப்பி, முழங்கை வரைக்கும் வெள்ளிக் கை வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். என் கையில் மட்டும் ஒரு பொட்டு மை. அதில் எனக்கு ஒரு கர்வம்.

அந்தக் காலத்து லேபிள்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படமானாலும் பின்னால் ஒரு சூரியன் இருக்கும். சிங்கத்துக்குப் பின்னால் சூரியன், கிளிக்குப் பின்னால் சூரியன், ரயில் என்ஜினுக்குப் பின்னாலும் சூரியன். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தால்தான் உள்ளே இருக்கிற சரக்கும் நன்றாக எரியும் என்று வாங்குகிறவன் நம்புவான். அதனால் சூரியனைப் போடு என்று யாரும் எழுத வேண்டியதில்லை, ஆர்ட்டிஸ்டின் கை தானாகப் போட்டுவிடும். வேண்டாம் என்றால்தான் எழுத வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோலையப்பனைச் சொல்ல வேண்டும். எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. என்னோடு எட்டாவது வரை படித்து, அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது அவன். எதிர்க்காற்று எப்போதும் நான் மிதிக்கிற நேரத்தில்தான் அடிக்கும் என்பது என் பல நாள் குறை.

வருஷா வருஷம் ஆனி மாதத்தில் கம்பெனியிலிருந்து ஒருவரை, சாம்பிள் பெட்டியோடு வடக்கே அனுப்புவார்கள். கல்கத்தா, அதற்கும் மேலே டார்ஜிலிங் வரைக்கும் போய்த் தீபாவளி சீசனுக்கு ஆர்டர் பிடித்து வர வேண்டும். சாத்தூரைத் தாண்டி ரயிலில் போகாத எனக்கு அந்தப் பயணத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. எங்கள் இரண்டு பேரையும் முதலாளி கூப்பிட்டார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. இவனை அனுப்பிட்டா லேபிளுக்கு யாரு எழுதுவா? சோலையப்பன் போகட்டும். அவன் எழுதுனா கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு."

கையெழுத்து நன்றாக இருந்ததற்காகத் தண்டனை பெற்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆவணியில் அவன் திரும்பி வந்தான். அன்று சாயங்காலம் கம்பெனிக்கு எதிரே ராமையாவின் டீக்கடையில் உட்கார இடமில்லை. நான் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். கேட்காத மாதிரி நின்றுகொண்டு கேட்டேன் என்பதுதான் சரி.

"அங்கன மூச்சுக்கே பஞ்சம்லே," என்றான் சோலையப்பன். "நம்மூர்ல தண்ணிக்கு வரிசையில நிக்கோம்ல, அங்கன காத்துக்கு நிக்கணும். அஞ்சு அடி நடப்பே. ஆறாவது அடிக்கு உக்காந்து யோசிப்பே."

டார்ஜிலிங்கில் ஆர்டர் கொடுத்த வியாபாரிக்கு, அதற்கும் மேலே இரண்டு நாள் நடையில் மாட்டு மந்தை இருந்ததாம். பார்க்க வா என்று கூட்டிப் போயிருக்கிறார். அங்கேதான் அந்த மாட்டைப் பார்த்திருக்கிறான்.

"அங்கன நமக்கு நெஞ்சு வெடிக்குது. அது பாட்டுக்கு ரெண்டு மூடையைத் தூக்கிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு நடக்குது மாப்ளே. பாவாடை கட்டுன மாதிரி மயிரு. பனிக்காலத்துல முதுகுல அரை அடிக்குப் பனி நிக்குமாம், உருகவே உருகாதாம்."

"ஏன் உருகாது?" என்று ராமையா கேட்டார்.

"உள்ளே இருக்கிற சூடு வெளிய வந்தாத்தானே உருகும்? மேல் மயிருக்கு உள்ளே பஞ்சு மாதிரி இன்னொரு மயிரு இருக்கு. சூடு பூரா உள்ளேயே பூட்டிக் கெடக்கு."

"கவரிமாங்கிறது இதானே? ஒரு மயிர் உதிர்ந்தாலும் உசிரை விட்டுரும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாகளே?" என்று ஒருவன் கேட்டான்.

சோலையப்பன் சட்டைப் பையில் கையை விட்டு, பழுப்பும் கறுப்புமாக ஒரு பிடி மயிரை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். "கோடையில கூடை கூடையா உதிர்க்குது. ஒண்ணும் சாகலே. இதை உதிர்த்தது இந்நேரம் புல்லு தின்னுக்கிட்டு இருக்கும்."

கடையே சிரித்தது. எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். வெண்ணெய் முறிந்த வாடையும் புகை வாடையும் அடித்தது. கையிலிருந்த டீயைப் பாதியிலேயே பெஞ்சில் வைத்துவிட்டேன். அதன் பெயர் பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். டீ சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். உங்கள் அம்மா அவனை அண்ணன் என்பாள். "அந்த மாட்டுக்குக் குளிராதா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"குளிராது தங்கச்சி. அதுக்குக் கஷ்டமே சூடுதான். நமக்கு மார்கழிப் பனியில போர்வை தேடுற சூடு இருக்கு பாரு, அதுவே அதுக்கு ஆகாது. வேர்த்து ஆத்திக்க உடம்புல வழி கிடையாது. கொஞ்சம் கீழே இறக்கிட்டா நாக்கைத் தள்ளி மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும். நம்ம ஊருக்குக் கொண்டாந்தா சாத்தூர் ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்."

"அய்யோ பாவம்," என்றாள் உங்கள் அம்மா. ஒரு மாட்டுக்காக அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். நான் மஞ்சள் காமாலையில் கிடந்தபோதுகூட அவ்வளவு கலங்கியதாக ஞாபகமில்லை. என் தட்டில் கத்திரிக்காய் இரண்டு, அவன் தட்டில் நான்கு. எண்ணினேன். அந்த ஒரு பிடி மயிரை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான். அவளும் அதை ஊக்கு டப்பாவில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் இருக்கிறது. தூக்கி எறிய இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அகப்பட்டுக்கொண்டேன்.

அவன் சொல்வதெல்லாம் புளுகு என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. விருதுநகரில் மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்தேன். கையில் அவருக்காகச் சாத்தூர்ச் சேவு.

"காத்தே இல்லாத இடத்துல ஒரு மாடு மூட்டை சுமக்கும்னு என் சிநேகிதன் ஒருத்தன் சொல்றான். இது நடக்கிற காரியமா?" என்றேன். இல்லை என்று தலையாட்டுவார் என்று எதிர்பார்த்து முகத்தையே பார்த்தேன்.

அவர் சேவை மென்றுகொண்டே உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்தார். "காத்தே இல்லாம இல்லை தம்பி, காத்து மெலிசா இருக்கும். அந்த மாட்டுக்கு நுரையீரல் பெருசு. நெஞ்சுக்கூடே பெருசு, இருதயமும் பெருசு. அதோட ரத்தம் இருக்கே, மெலிஞ்ச காத்துல கெடைக்கிற பிராணவாயுவையும் விடாமப் பிடிச்சுக்கும். நம்ம மாட்டை அங்க ஏத்துனா நுரையீரல்ல போற ரத்தக்குழாய் இறுகிப்போயி, இருதயம் தள்ளித் தள்ளி ஓஞ்சுரும். அதுக்கு இறுகாது. உங்க சிநேகிதர் சொன்னது சரிதான். பாதிதான் சொல்லியிருக்கார்."

மீதிப் பாதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு எதிர்க்காற்றில் திரும்பினேன்.

ஆனால் அவர் வாசலில் நின்று ஒன்று சொன்னார்: "நம்ம ஊர் வெயில்ல உசிரோட இருக்கிறதும் லேசுப்பட்ட காரியமில்லை தம்பி." அதைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்குக் குளிர் என்றால் எனக்கு வெயில். அந்தப் பங்குனி சித்திரை முழுக்க நான் ஆடு மாடுகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு திரிந்ததாக ஊரில் ஒரு பேச்சே உண்டு.

பார்த்ததை உங்களுக்காவது சொல்கிறேன், அன்றைக்குக் கேட்க ஆளில்லை. மத்தியான வெயிலில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது தாகத்தால் மட்டும் இல்லை. பறவைக்கு வேர்க்காது. வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று ஆட்டி, அந்த ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் உடம்பைக் குளிர வைக்கும். கோழி இறக்கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொள்ளும். நாய்க்கு நாக்குதான் வேர்வை. வெள்ளாட்டின் காதைத் தொட்டால் கொதிக்கும், உடம்புச் சூட்டை ரத்தம் காதுக்குக் கொண்டுவந்து வெளியே விடுகிறது. அதன் புழுக்கை ஏன் உலர்ந்த மிளகு மாதிரி விழுகிறது? தண்ணீரை உடம்பு வெளியே விடவில்லை. நம் காளைக்குக் கழுத்துக்குக் கீழே தொங்குகிற தாடி அழகுக்கு மட்டும் இல்லை. தோல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேர்க்கும், அவ்வளவு ஆறும். எருமைக்குக் கறுப்புத் தோல், வேர்வையும் குறைவு, அதனால்தான் கண்மாயில் கழுத்தளவு முங்கிக் கிடக்கிறது. எல்லாரும் அதைச் சோம்பேறி என்கிறார்கள். ஒட்டகத்தைப் பற்றிக் கம்பவுண்டர் சொன்னதுதான் உச்சம். பகலெல்லாம் உடம்பு சூடேறினால் ஏறட்டும் என்று வேர்க்காமல் தாங்கிக்கொள்ளுமாம். ராத்திரிக் குளிரில் அந்தச் சூட்டைச் சும்மாவே வெளியே விட்டுவிடுமாம். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு நாள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"எருமைக்குச் சரியா வேர்க்காது, தெரியுமா?"

ராமையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அதைத்தான் தெனமும் பாக்கோம்லே. டீ வேணுமா, வேண்டாமா?"

பக்கத்தில் இருந்தவன் சோலையப்பனைப் பார்த்து, "அந்த மலைமாடு எப்படிச் சத்தம் போடும்னு சொல்லு மாப்ளே," என்றான். சோலையப்பன் பன்றி மாதிரி உறுமிக் காட்டினான். கடை சிரித்தது. நான் டீயைக் குடித்தேன். அன்றைக்கும் டீ சரியில்லை.

அந்த உறுமல் அண்ணாச்சி காது வரைக்கும் போயிருக்கும் போல. டார்ஜிலிங் பக்கத்துக்கென்றே தனியாக ஒரு புஸ்வாணப் பூச்சட்டி, "மலைமாடு மார்க்" என்று போடுவோம் என்று சொல்லிவிட்டார். பேர் வந்தால் மலைப்பக்க ஏஜென்சி முழுக்கச் சோலையப்பனுக்கு. லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும்.

வைகாசி மாதம். மத்தியானம். அவன் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு கண்ணை மூடிச் சொன்னான். நான் எழுதினேன். உடம்பு கறுப்பு. கொம்பு வெளிப்பக்கம் வளைந்தது. வயிற்று மயிர் தரை வரைக்கும். வால் குதிரை வால் மாதிரி, வெள்ளை. முதுகில் இரண்டு மூட்டை. இதுவரை எழுதிவிட்டேன். கடைசியாக அவன் சொன்னான்: "பின்னால பனி போடணும். சூரியன் வேண்டாம் மாப்ளே. அது முக்கியம். மறந்துராதே."

வெளியே அண்ணாச்சி யாரிடமோ, "சோலையப்பன் இல்லேன்னா மலைப்பக்கம் நமக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 

தாளில் இடம் இருந்தது. கீழே இரண்டு வரிக்குத் தாராளமாக இடம் இருந்தது. நான் பேனாவை மூடிவிட்டேன்.

நான் பொய்யாக எதையும் எழுதவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றை எழுதவில்லை, அவ்வளவுதான். மீதியை ஆர்ட்டிஸ்டின் கை பார்த்துக்கொண்டது. ப்ரூஃப் வந்தபோது மாட்டுக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாக மாட்டின் உயரத்துக்குச் சூரியன். இரண்டு பனைமரம். நான் எதிர்பார்க்காதது ஒன்றும் இருந்தது, மாட்டின் நாக்கு வெளியே தொங்கியது. ஆர்ட்டிஸ்டிடம் கேட்டேன். "அம்புட்டு வெயில்ல நிக்கிற மாட்டுக்கு நாக்குத் தொங்காமயா இருக்கும்?" என்றார் அவர். அவர் நம் ஊர்க்காரர். அவர் சொன்னது நியாயம்தான். நான் கையெழுத்துப் போட்டேன். அழகாக.

சோலையப்பன் அப்போது தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் இருந்தான். லேபிளை அவன் பார்த்தது, ஒட்டிய பெட்டிகள் சரக்கு ரயிலில் போன பிறகு டார்ஜிலிங்கில்தான்.

ஆவணியில் ஆர்டர் இல்லாமல் திரும்பினான். அண்ணாச்சி லேபிளை மேஜை மேல் போட்டு அடித்தார். "செத்துக்கிட்டு இருக்கிற மாட்டைப் பெட்டியில ஒட்டி அனுப்பியிருக்கீக, பண்டிகைக்கு இதை எவன் வீட்டுக்குக் கொண்டுபோவான்னு அந்த வியாபாரி கேட்டிருக்கான். நாக்கு வெளிய வந்தா அந்த மாடு பிழைக்காதாமே? நீதானேலே நேர்ல பாத்துட்டு வந்தே? நீதானே சொன்னே?"

"சூரியன் வேண்டாம்னு சொன்னேன் அண்ணாச்சி."

"யாருகிட்ட சொன்னே?"

சோலையப்பன் திரும்பி என்னைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அவன் சொன்னான்: "சொன்னதா நெனச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. சொல்லலை போல."

பிள்ளைகளே, அந்த நிமிஷம் நான் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. இதிலும் என்னை ஜெயித்துவிட்டானே என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது. சாவகாசமாக வந்து இன்னும் போகாமல் இருக்கிறது.

அடுத்த வருஷம் அண்ணாச்சி என்னை வடக்கே அனுப்பினார். விருதுநகர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான். தன் கம்பளியைக் கொடுத்தான். அதற்கு முன்னால் பதினைந்து நாள் உட்கார வைத்து முப்பது ஹிந்தி வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தான். "மேலே போனா மெதுவா நட மாப்ளே. நீ எதுக்கும் அவசரப்படுவே," என்றான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரயில் நகர்ந்துவிட்டது. ரயில் நகர்ந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கல்கத்தா, கங்கையில் ஸ்டீமர், பொம்மை ரயில் எல்லாம் தாண்டி, அதே வியாபாரியின் ஆளோடு அதே மந்தைக்கு ஏறினேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆர்டர் கீழேயே முடிந்துவிட்டது. ஆனால் அவன் பார்த்ததை நான் பார்க்காமல் எப்படித் திரும்புவது? அவன் இரண்டு நாளில் ஏறினான் என்பதால் ஒன்றரை நாளில் ஏறிவிட நினைத்தேன். தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி. ஐந்து அடி நடந்தேன். ஆறாவது அடிக்கு உட்கார்ந்து யோசித்தேன். அவன் சொன்ன வார்த்தை மாறாமல் நடந்தது. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

வியாபாரியின் மாடுகளை மேய்க்கிற மந்தைக்காரர் குள்ளமான மனிதர், சிரித்த முகம். என் சாம்பிள் பெட்டியைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சோலாப்பா?" என்றார். சோலையப்பன் எங்கே என்று கேட்கிறார்! அத்தனை உயரத்திலும் அவன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

அவருடைய குடிசைச் சுவரில் நம் லேபிள் ஒட்டியிருந்தது. அதைக் காட்டி என்னிடம் நாக்கைத் தொங்கப்போட்டார். கீழே பள்ளத்தாக்கைக் காட்டினார். வெயிலைக் காட்டினார். பிறகு அப்படியே தரையில் விழுந்து காலை நீட்டிச் செத்துக் காட்டினார். எழுந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தாளி வந்தால் சிரிப்புக் காட்டவே அதை வைத்திருந்திருக்கிறார். நான் லேபிளில் இருந்த சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் என்னால் நிற்கவே முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது என்று வியாபாரியின் ஆள் சொன்னான். கீழே இறக்குவதுதான் மருந்து. என்னை ஒரு கிழ மலைமாட்டின் முதுகில் குப்புறப் போட்டுக் கட்டினார்கள். அதன் கழுத்து மயிரில் என் முகம். மேலே ஐஸ் மாதிரிச் சில்லிப்பு. விரலை உள்ளே விட்டால் அடுப்பங்கரைச் சூடு. என் மூச்சு நாய் மூச்சாக இரைத்தது. அதன் மூச்சை எண்ணிப் பார்த்தேன். என்னுடையது ஐந்தாறு ஓடுகிற நேரத்தில் அது ஒன்று விட்டது. வாய் மூடியே இருந்தது. இவ்வளவுக்கும் முதுகில் நான்.

அப்போது எனக்கு அந்த மாட்டின்மேலேயே பொறாமை வந்தது. இந்த உலகத்தில் ஒரு மாட்டின் நுரையீரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வழியில் வாத்துக் கூட்டத்தைப் பற்றி வியாபாரியின் ஆள் ஏதோ சொன்னான். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து, பனிமலைகளையே தாண்டிப் பறந்து தெற்கே போய்விடும் என்று கையால் காட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கோட்டுத்தலை வாத்தை மார்கழியில் நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் நான் பார்த்திருக்கிறேன். மெலிந்த காற்றிலும் பறக்கும், நம் குளத்திலும் வந்து நீந்தும். சோலையப்பன் அந்த ஜாதி என்று தோன்றியது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் சிரித்துக்கொண்டு பிழைப்பான். நான் எருமை ஜாதி. என் கண்மாயை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது.

திரும்பி வந்து டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தியை மட்டும் விட்டுவிட்டேன். ராமையா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "சோலையப்பன் சொல்றப்ப அந்த மாடு இங்கன வந்து நிக்கும். நீ சொல்றப்ப நீதான்லே நிக்கே."

சோலையப்பன் அதைக் கேட்க அங்கே இல்லை. நான் வடக்கே போயிருந்தபோதே கம்பெனியை விட்டுச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்துவிட்டான். பிறகு அதே டார்ஜிலிங் வியாபாரி கூப்பிட்டார் என்று குடும்பத்தோடு அங்கேயே போனான். கோமதி, பல வருஷம் கழித்து நீ பிறந்தபோது ஒரு கார்டு வந்தது. "பிள்ளைக்குக் கம்பளி பின்னி அனுப்புகிறேன்" என்று கோழி கிண்டின எழுத்து. கம்பளியும் வந்தது. உன்னைப் போர்த்தினால் அலறுவாய், நம் ஊர் வெயிலுக்கு யார் போர்த்த முடியும்? பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். இந்த முத்து முத்தான கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு கார்டு எழுத முடியவில்லை. போன தையில் அவன் மகனிடமிருந்து கார்டு வந்தது. அப்பா தவறிவிட்டார் என்று இரண்டே வரி. தமிழில் எழுதத் தெரியாமல் யாரையோ பிடித்து எழுதியிருந்தான்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டெல்லாம் இடித்துவிட்டார்கள். டீக்கடை இருந்த இடத்தில் ரோடு அகலமாகிவிட்டது. எருமை முங்கிக் கிடந்த கண்மாயில் இப்போது சீமைக்கருவேலம்தான் முங்கிக் கிடக்கிறது. மலைமாடு மார்க் பூச்சட்டியை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அந்த மந்தைக்காரர் குடிசைச் சுவரில் லேபிள் இன்னும் இருக்குமா தெரியாது. இருந்தால் இன்னும் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கோமதி, உன் படத்தில் தப்பு உன்னுடையது இல்லை. நீ நம் ஊர்ப் பிள்ளை. சூரியன் இல்லாத வானத்தை நீ எங்கே பார்த்தாய்?

இன்று மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் உங்கள் அம்மா கடைக்கும் போன பிறகு, என் தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் அந்தத் தாள் இருந்தது. ப்ரூஃபோடு குத்தி அச்சாபீசிலிருந்து திரும்பி வந்ததை, யார் கண்ணிலும் படக்கூடாது என்று அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்திருந்தேன். மை பழுப்பாகிவிட்டது. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி அப்படியே இருக்கிறது. முதுகில் இரண்டு மூட்டை என்பதோடு நின்றிருந்தது. கீழே இடம் இருந்தது.

பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது, கோழி கிண்டின மாதிரி. ஆனாலும் எழுதினேன்.

பின்னால் பனி. சூரியன் வேண்டாம்.